ஊட்டும் கை

பசித்த உயிர்க்கு உணவளித்தல் அறங்களுள் சிறந்தது என்பர். ஆயினும், எதனை அளிப்பது, எவ்வளவு அளிப்பது என்று அறிந்து அளிக்கும்போதே அவ்வறம் நிறைவு பெறுகின்றது. உண்பது வாய் பேசாத உயிராயின் இவ்வறிவு இன்னும் இன்றியமையாதது. பிடிக்காத உணவைக் குழந்தை மறுத்து அழும். நாயோ, தன்னை வளர்ப்பவர் கையில் இருப்பது யாது என்று ஆராய்வதில்லை. வாலை ஆட்டிக்கொண்டு விழுங்கிவிடும்.

சிறுமி ஒருத்தி தன் வீட்டு நாயாகிய மணியிடம் அளவற்ற அன்பு கொண்டிருந்தாள். மணி அவ்வீட்டிற்கு வந்து ஓராண்டு நிறைவுற்ற நாளன்று, தன் கையாலேயே அதற்குத் தின்பண்டம் சுட்டுத் தரவேண்டும் என்று விரும்பினாள். கோதுமை மாவில் வெண்ணெயும் சர்க்கரையும் சேர்த்தாள். தான் விரும்பி உண்ணும் உலர்ந்த திராட்சையைக் கைநிறைய அள்ளிப் போட்டாள். கோக்கோத் தூளையும் கலந்து பிசைந்தாள். அடுக்களையில் எழுந்த மணம் மணியை வாயிற்படிக்கே இழுத்து வந்தது.

அவ்வேளையில் அவளுடைய அத்தை உள்ளே வந்தார். அவர் கால்நடை மருத்துவர். பாத்திரத்தைக் கண்டதும் அதனைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டு, "கண்ணே, இது மணிக்கு ஆகாது" என்றார்.

"ஏன் அத்தை? எனக்குப் பிடித்தவற்றை எல்லாம் மணிக்காகவே போட்டிருக்கிறேனே!" என்றாள் சிறுமி. அவள் கண்கள் கலங்கின.

அத்தை அவளை அருகில் அமர்த்திக்கொண்டு விளக்கலானார்: "நமக்கு இனியதெல்லாம் நாய்க்கு நல்லதன்று. கோக்கோவில் தியோபுரோமின் என்னும் பொருள் உள்ளது. நம் உடல் அதனை விரைவில் சிதைத்து வெளியேற்றிவிடும். நாயின் உடலிலோ அது நெடுநேரம் தங்கி இதயத்தையும் நரம்புகளையும் தாக்கும். திராட்சை சில நாய்களின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். எந்த நாய்க்கு எவ்வளவு தீங்கு செய்யும் என்று முன்னரே கூற இயலாது. வெங்காயமும் பூண்டும் இரத்தத்தின் சிவப்பணுக்களை அழிக்கும். சர்க்கரைக்கு மாற்றாகச் சில பண்டங்களில் சேர்க்கப்படும் சைலிட்டால் இவற்றினும் கொடியது. நாயின் இரத்தத்திலுள்ள சர்க்கரையை விரைவில் குறைத்து உயிருக்கே ஊறு விளைக்கும்."

"நான் இதை மணிக்குக் கொடுத்திருந்தால்..." என்று தொடங்கிய சிறுமியால் பேச்சை முடிக்க இயலவில்லை. வாயிற்படியில் அமர்ந்திருந்த மணி, அவள் முகத்தையே நோக்கிக்கொண்டிருந்தது.

"கொடுக்கவில்லை அன்றோ? இந்த மாவை நமக்காகச் சுடுவோம். மணிக்கு எட்டாத இடத்தில் வைப்போம். அதற்கு வேறு மாவு பிசைவோம், வா" என்றார் அத்தை.

இரண்டு கிண்ணம் கோதுமை மாவும், வேகவைத்து மசித்த பரங்கிக்காய் ஒரு கிண்ணமும், ஒரு முட்டையும் போதுமாயிருந்தன. உப்பும் சர்க்கரையும் சேர்க்கப்படவில்லை. கெட்டியாகப் பிசைந்த மாவைச் சிறுமி தட்டையாகத் தேய்த்துச் சிறு துண்டுகளாக வெட்டினாள். ரொட்டி சுடும் மின் அடுப்பில் 175 டிகிரி செல்சியசு வெப்பத்தில் அவை அரைமணி நேரம் வெந்தன.

அதுவரை அத்தை, நாய் ரொட்டியின் வரலாற்றைக் கூறினார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சேம்சு இசுப்பிராட்டு என்னும் அமெரிக்கர் இலண்டன் மாநகருக்குச் சென்றார். கப்பலிலிருந்து எறியப்பட்ட கெட்டி ரொட்டிகளைத் துறைமுகத்து நாய்கள் ஆவலுடன் தின்றதை அவர் கண்டார் என்பர். அதன்பின் கோதுமை, காய்கறி, இறைச்சி ஆகியவற்றைச் சேர்த்து நாய்களுக்கெனவே ரொட்டி செய்து விற்கலானார்.

"ஓநாயின் இனமாகிய நாய், மாவுப் பண்டத்தை எவ்வாறு செரிக்கும்?" என்று வினவினாள் சிறுமி.

"நல்ல கேள்வி! மாவுப்பொருளைச் செரிக்க உதவும் மரபணு ஓநாயிடம் இரண்டு படிகளே உண்டு. நாயிடமோ நான்கு முதல் முப்பது வரை உண்டு. சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் 2013 ஆம் ஆண்டில் இதனை வெளியிட்டனர். மனிதன் உழுது விளைத்த தானியத்தை உடனிருந்து உண்டு வாழ்ந்தமையால், நாயின் உடலே அதற்கேற்ப மாறியது. நம்மை நம்பி வந்த உயிர் அது" என்றார் அத்தை.

துண்டுகள் வெந்து ஆறின. சிறுமி ஒன்றைக் கடித்துப் பார்த்தாள்; சுவையே இல்லை! "இதை மணி உண்ணுமா?" என்று ஐயுற்றாள். அத்தை நகைத்தார். மனிதர் நாவில் சுவை அரும்புகள் ஏறக்குறைய 9,000. நாய்க்கோ ஏறக்குறைய 1,700 தாம். நாய்க்கு மூக்கே முதல் வழிகாட்டி.

சிறுமி ஒரு துண்டை நீட்டினாள். மணி அதனைக் கறுக்கெனக் கடித்து உண்டது; உடனே மற்றொன்றிற்காக முன்னங்காலை உயர்த்தியது. அவள் இன்னொன்றும் தந்தாள். மூன்றாவதற்கு அது ஏங்கி நோக்கியபோது, அவள் கை தானே டப்பாவை நோக்கிச் சென்றது, பின்னர் நின்றது. ஒரு நாளைய உணவின் ஆற்றலில் தின்பண்டத்தின் பங்கு 10 விழுக்காட்டிற்கு மேற்படலாகாது என்று அத்தை கூறியிருந்தார்.

சிறுமி டப்பாவை மூடினாள். "நாளைக்குத் தருகிறேன், மணி" என்று அதன் தலையைத் தடவினாள். காலையில் கைநிறைய அள்ளிப் போட்டதும் அவள் அன்பே. மாலையில் டப்பாவை மூடியதும் அவள் அன்பே. ஆயின், பின்னதில் அன்போடு அறிவும் இருந்தது. மணியோ இவ்வேறுபாட்டை அறியாது, அவள் காலடியில் நிம்மதியாகப் படுத்துக்கொண்டது.