கையில் இருக்கும் கேமரா

பாலவனத்தம், மாசி 20

கேமரா வைத்திருக்கும் இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு படத்தில் தொடங்கும். கொஞ்ச நேரத்தில் பாடி, லென்ஸ், விலை, தவணை என்று இறங்கிவிடும். அருப்புக்கோட்டையிலும் இதுதான், சென்னையிலும் இதுதான். "இந்த பாடிக்கு இவ்வளவுதான் வரும், அடுத்ததை எடுத்தால் சரியாகிவிடும்" என்பதில்தான் பேச்சு முடியும். அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கவே இந்தக் குறிப்புகள். கையில் உள்ள கேமராவோடு நிறைவாக இருப்பது சோம்பேறித்தனம் என்றோ, வசதி இல்லாதவர் சொல்லிக்கொள்ளும் சமாதானம் என்றோ பலர் நினைக்கிறார்கள். ஒருவர் தன் ஊரை ஒழுங்காகப் பார்க்கத் தொடங்குவதே அந்த நிறைவு வந்த பிறகுதான் என்பது என் கட்சி.

முதலில் கணக்கு. நிக்கான் டி5300 வந்தது 2013-இல். அதில் 24 மெகாபிக்சல். அதே ஆண்டு வந்த சோனி ஏ7-இலும் 24. 2018-இன் ஏ7 மூன்றிலும் 24. 2024-இல் வந்த நிக்கான் இசட்6 மூன்றில் 24.5. பத்தாண்டுக்கு மேலாக அந்த எண் அங்கேயே நிற்கிறது என்றால், பெரும்பாலான வேலைக்கு அது போதும் என்பதைத் தயாரிப்பாளர்களே ஒப்புக்கொண்டார்கள் என்றுதான் பொருள். 12-க்கு 18 அங்குலக் கல்யாண ஆல்பப் பக்கத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட ஏறத்தாழ 1 கோடியே 95 லட்சம் புள்ளிகள் வேண்டும். பழைய டி5300 தருவது 2 கோடியே 40 லட்சம். படத்தைப் பார்க்கப்போகும் சாதாரண ஃபுல் எச்.டி. திரைக்கோ 20 லட்சம் சொச்சமே போதும். இடைப்பட்ட ஆண்டுகளில் ஒன்றுமே மாறவில்லை என்று நான் சொல்லவில்லை. கண்ணைத் தேடிப் பிடிக்கும் ஆட்டோ போகஸ், வீடியோவின் தரம், நொடிக்கு எடுக்கும் படங்களின் எண்ணிக்கை எல்லாம் வெகுவாக உயர்ந்திருக்கின்றன. அவை யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம் என்பது வேறு கேள்வி. அதைப் பிறகு பார்க்கலாம்.

மாசி 23

இந்தச் சீமையில் தண்ணீருக்குப் பஞ்சம், வெளிச்சத்துக்குப் பஞ்சமே கிடையாது. பிலிம் காலத்திலிருந்து புகைப்படக்காரர்கள் கைக்கணக்காக வைத்திருக்கும் விதி ஒன்று உண்டு: உச்சி வெயிலில் அப்பர்ச்சர் எஃப் 16 என்றால், ஐ.எஸ்.ஓ. எவ்வளவோ அதுவே ஷட்டர் வேகம். ஐ.எஸ்.ஓ. 100-க்கு நொடியில் 100-இல் ஒரு பங்கு. இதையே கேமராவோடு சேர்ந்து வரும் கிட் லென்ஸுக்கு மாற்றினால், எஃப் 5.6-இல் ஷட்டர் 800-இல் ஒரு பங்கு. ஓடுகிற ஆட்டுக்குட்டி படத்தில் அப்படியே நிற்கும். இப்போது விலை உயர்ந்த எஃப் 1.4 லென்ஸை முழுதாகத் திறந்துவைத்து அதே வெயிலில் எடுக்க நினைத்தால் 12,800-இல் ஒரு பங்கு வேகம் வேண்டும். பெரும்பாலான மெக்கானிக்கல் ஷட்டர்கள் 4,000 அல்லது 8,000-த்தோடு நின்றுவிடும். காசு கொடுத்து வாங்கிய வெளிச்சத்தை மறுபடி காசு கொடுத்து ஃபில்டர் போட்டு மறைக்க வேண்டிய நிலை. அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் இடையே ஆண்டில் எத்தனையோ மாதங்கள் வெயில் இப்படித்தான் அடிக்கிறது.

தூரத்துக்கு வருவோம். 600 மி.மீ. லென்ஸ் இருந்தால் கண்மாயின் எதிர்க்கரையை எட்டிப் பிடிக்கலாம் என்று ஆசை வரும். பங்குனி, சித்திரையில் காலை பத்து மணிக்கு மேல் கரிசல் தரை சுட ஆரம்பித்துவிடும். தரையை ஒட்டிய காற்றும் அதற்கு மேலுள்ள காற்றும் வெவ்வேறு சூட்டில் இருப்பதால் அவற்றின் வழியே வரும் ஒளி வளைந்து நெளிகிறது. கானல் என்று நாம் சொல்வது அதைத்தான். நீண்ட லென்ஸ் கொக்கைப் பெரிதாக்கும்போது அந்த நெளிவையும் சேர்த்தே பெரிதாக்குகிறது. எத்தனை லட்சம் கொடுத்த கண்ணாடியானாலும் அந்தக் காற்றைத் தாண்டித்தான் பார்க்க வேண்டும். இதற்குள்ள மருந்து இரண்டே: விடியற்காலையில் போவது, பக்கத்தில் போவது. இரண்டுக்கும் பணம் வேண்டாம். இன்னொன்று, கரிசல் புழுதி. மாவு போன்ற அந்தத் தூசியில் நின்று லென்ஸ் மாற்றினால் சென்சாரில் புள்ளி விழும். ஒரே லென்ஸைக் கழற்றாமல் வைத்திருப்பவரின் படம் இங்கே சுத்தமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மாசி பங்குனியில் மிளகாய் வத்தல் காய்கிற களத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு அது அற்புதம். தரை முழுக்கச் சிவப்பு; கிட்டே குனிந்தால் ஒவ்வொரு பழத்திலும் தோல் சுருங்கிய வரி, காம்பின் பழுப்பு, வெயில் பட்ட பக்கத்தில் ஒரு சின்ன மினுக்கம், உள்ளே விதை தெரிகிற பழுத்த மஞ்சள். படமாக எடுத்தால் இவ்வளவும் போய், சிவப்புச் சாயத்தைக் கொட்டியதுபோல் ஒரே அப்பலாக விழும். "கேமரா சரியில்லை" என்ற தீர்ப்பு அங்கேதான் பிறக்கிறது. உண்மையில் நடப்பது வேறு. சென்சாரில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனியாகப் பதிவாகின்றன. களத்தில் பச்சையும் நீலமும் குறைவு, சிவப்பு ஏராளம். மூன்றையும் சேர்த்துச் சராசரி பார்க்கும் மீட்டர் 'வெளிச்சம் குறைவு' என்று ஏற்றிக் கொடுக்க, சிவப்பு மட்டும் நிரம்பி வழிந்துவிடுகிறது. வழிந்த இடத்தில் வரியும் சுருக்கமும் இருக்காது. பத்தாயிரம் ரூபாய் செகண்ட் ஹேண்ட் பாடியிலும் இது நடக்கும், மூன்று லட்ச ரூபாய் பாடியிலும் நடக்கும். எக்ஸ்போஷரை முக்கால் ஸ்டாப் குறைத்து, வெயில் சாய்வாக விழும் காலை நேரத்தில் எடுத்தால் சுருக்கம் திரும்ப வரும். கரிசல் மண்ணுக்கும் இதே பாடம். கறுத்த மண்ணை மீட்டர் சாம்பலாக்கப் பார்க்கும். ஒரு ஸ்டாப் குறைத்தால்தான் அது கரிசலாக இருக்கும். இந்த அறிவு கடையில் கிடைக்காது. ஒரே கேமராவை ஒரே நிலத்தில் பல பருவம் வைத்துப் பழகியவர் விரலில்தான் அது ஏறும். கேமராவை மாற்றும்போது அதில் ஒரு பகுதி அழிகிறது. நிக்கானிலிருந்து கேனனுக்குப் போகிறவருக்கு லென்ஸின் வளையம் சுற்றும் திசையே எதிராகிவிடுகிறது என்பதை நினைத்துப் பார்த்தால் போதும்.

மாசி 27

யோசிக்க யோசிக்க, கேமராவின் மேல் உள்ள குறை பல நேரம் ஊரின் மேல் உள்ள குறைதான் என்று தோன்றுகிறது. "நம்ம பக்கத்துல எடுக்க என்ன இருக்கு? சீமைக்கருவேலும் பொட்டலும்தானே" என்று சொல்கிறவரே அடுத்த மூச்சில் லென்ஸ் விலை கேட்கிறார். பாலவனத்தம் என்றால் வெளியூர்க்காரருக்கு நினைவு வருவது 1901-இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர். திருச்சுழி என்றால் திருமேனிநாதர் கோயில், ரமண மகரிஷி பிறந்த சுந்தர மந்திரம். இவற்றைத் தாண்டி இந்த நிலத்தைப் படமெடுக்கத் தகுந்ததாக நாமே நினைப்பதில்லை. அந்த வெறுமையை நிரப்பக் கருவியைத் தேடுகிறோம்.

ரமணரைச் சொன்னதும் ஒரு சான்று கைக்கு வருகிறது. 1879-இல் திருச்சுழியில் பிறந்த அவர் 1950 ஏப்ரல் 14 இரவு திருவண்ணாமலையில் காலமானார். அந்தக் கடைசி நாட்களில் ஆசிரமத்தில் இருந்து படம் எடுத்தவர் பிரெஞ்சுக்காரர் ஆன்ரி கார்த்தியே-பிரெசோன். 1930-களின் தொடக்கத்தில் லைக்கா கேமராவைக் கையில் எடுத்த அவர், அதன் பிறகு பெரும்பாலும் 50 மி.மீ. லென்ஸ் ஒன்றை வைத்தே வேலை பார்த்தார். ஸ்பெயினுக்கும் சீனாவுக்கும் இந்தியாவுக்கும் அதே பார்வைக் கோணம். அன்றைய லைக்காவில் ஒளிமானி கிடையாது, போகஸ் கையால்தான், ஒரு சுருளுக்கு 36 படம்.

இதற்கு உடனே ஒரு மறுப்பு வரும். லைக்கா அந்தக் காலத்தில் ஏழை கேமராவா? விலை உயர்ந்த சிறந்த கருவியை வைத்துக்கொண்டு 'போதும்' என்று சொல்வது பெரிய விஷயமா? நியாயமான கேள்வி. விலைக்காக நான் அவரைக் கூப்பிடவில்லை. அவர் வாழ்நாளில் லைக்காவே பல மாடல் மாறியது, ரிப்ளெக்ஸ் வந்தது, ஜூம் வந்தது, வண்ணம் வந்தது. வாங்கும் சக்தியும் அவருக்கு இருந்தது. இருந்தும் அந்தப் பழைய கோணத்தை விடாமல் இருந்தார். வசதி இல்லாதவரின் நிறைவைவிட, வசதி இருந்தும் நின்றவரின் நிறைவுதான் என் வாதத்துக்கு வலுவான சாட்சி. இன்று அந்த 1950-ஆம் ஆண்டுக் கருவியை அளவுகோல்களில் வைத்தால், இருட்டில் எடுக்கும் திறனிலும் வேகத்திலும் நம் சட்டைப் பையில் உள்ள போனிடம் தோற்கும்.

பங்குனி 3

வெளிநாட்டாரை விடுவோம் என்பவர்களுக்கு மா. கிருஷ்ணன். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன், 1912-இல் திருநெல்வேலியில் பிறந்தவர். காட்டுயிர் புகைப்படத்தில் இந்தியாவிலேயே முன்னோடிகளில் ஒருவர், 1970-இல் பத்மஸ்ரீ பெற்றவர். உலகம் வண்ணத்துக்குப் போன பிறகும் கறுப்பு-வெள்ளையை விடவில்லை. அவருடைய கேமரா எந்தக் கடையிலும் விற்கப்படாதது: ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பாடியையும் லென்ஸையும் பாகங்களையும் சேர்த்துத் தானே பூட்டிக்கொண்டது. அந்தக் கனத்த உருவத்துக்கு 'சூப்பர் பான்டெரோசா' என்று பெயரும் வைத்திருந்தார். அதோடு யானை மேல் ஏறியும் நடந்தும் போய் எடுத்த யானை, காட்டெருது, மான் படங்களை இன்றும் மதித்துப் பார்க்கிறார்கள்.

அவரை நான் இங்கே முக்கியமாகக் கொள்வதற்குக் காரணம் கேமரா மட்டும் இல்லை. கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் 1950 முதல் 1996-இல் இறக்கும்வரை பத்தி எழுதினார். அதில் புலியும் யானையும் வந்த அளவுக்குக் காக்கை, மைனா, அணில், ஓணான், தெரு மாடு எல்லாம் வந்தன. வாசலில் இருப்பதைப் பார்க்கத் தெரிந்த கண்ணுக்குக் கருவியின் குறை பெரிதாகத் தெரியவில்லை. பாலவனத்தத்துக் கண்மாயில் தண்ணீர் வற்றி சேறாகிற நாட்களில் எந்தக் கொக்கு எந்த ஓரத்தில் நிற்கும், ஆட்டுக் கிடை எந்தப் புஞ்சையில் விழும், எந்த உடைமரத்தில் தூக்கணாங்குருவி கட்டும் என்று தெரிந்தவருக்கு 200 மி.மீ. போதும். தெரியாதவருக்கு 600-உம் போதாது. பறவைப் படத்துக்கு நீளம் தேவை என்பதை நான் மறுக்கவில்லை. மிரளும் பறவையிடம் நெருங்கக் கூடாத நேரங்கள் உண்டு. ஆனால் நீளம் தேவைப்படும் அந்த எல்லைக்கு வருவதற்குள் நடந்து தீர்க்க வேண்டிய தூரம் நிறைய மிச்சம் இருக்கிறது.

பங்குனி 6

கடைசியாகக் கனமான மறுப்புகள். ஸ்டூடியோ வைத்துப் பிழைப்பவருக்கு இந்த உபதேசம் பொருந்துமா? முழுதும் பொருந்தாது. தாலி கட்டும் நொடி ஒரு தடவைதான் வரும். மெமரி கார்டு ஒன்று பழுதானால் வாடிக்கையாளருக்குப் பதில் சொல்ல முடியாது. இரண்டு கார்டு போடும் வசதி, மண்டப வெளிச்சத்தில் தவறாத போகஸ், நல்ல வீடியோ ஆகியவை அவருக்குத் தொழில் தேவை. அங்கே கேள்வி தவணையை ஆர்டர் தாங்குமா என்பதே. ஒரு முகூர்த்த சீசனை நம்பி மூன்று வருஷத் தவணை எடுப்பதை அவர் கணக்குப் போட்டுத்தான் செய்ய வேண்டும்.

அருப்புக்கோட்டைத் தறி வீடுகளை எடுக்க விரும்புகிறவருக்கும் உண்மையான தேவை ஒன்று உண்டு. வாசல் வழியாக மட்டும் வெளிச்சம் வரும் அறையில் கிட் லென்ஸின் எஃப் 5.6 திணறும். அவர் 50 மி.மீ. எஃப் 1.8 வாங்கட்டும். பெரிய கம்பெனிகள் விற்பதில் மிக மலிவான லென்ஸ்களில் ஒன்று அது. ஏறத்தாழ பத்து மடங்கு வெளிச்சம் அதிகமாக உள்ளே விடும். அதிலிருந்து எஃப் 1.4-க்குத் தாவினால் கூடுதலாகக் கிடைப்பது ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் மேல், விலையோ பல மடங்கு. எங்கே நிறுத்த வேண்டும் என்பதை இந்த இரண்டு எண்களே சொல்லிவிடுகின்றன. நிறைவு என்றால் ஒருநாளும் வாங்கக் கூடாது என்று நான் விளங்கிக்கொள்ளவில்லை. எந்தப் படம் வரவில்லை, எந்த எல்லை அதைத் தடுத்தது என்று இரண்டு வரியில் எழுத முடிந்தால் வாங்கலாம். எழுத வராவிட்டால் குறை கேமராவில் இல்லை.

"போதும் என்று இருந்தால் வளர்ச்சி எப்படி வரும்?" என்பார்கள். கருவி செய்கிறவர்கள் போதும் என்று இருக்க வேண்டாம். அது அவர்கள் தொழில். படம் எடுக்கிறவர் வளர வேண்டிய திசை வேறு. அவர் எடுத்த படத்தில் இருப்பது எந்த ஊர், எந்த மாதம், என்ன வேலை, யார் வீட்டுக் களம் என்று சொல்லத் தெரிய வேண்டும். நம் பகுதியில் படம் எடுப்பவர்கள் பெருகியிருக்கிறார்கள், பெயரும் தேதியும் எழுதி வைப்பவர்கள் குறைவு. போன் தொலைந்தால் படமும் தொலைகிறது.

ஆகவே பணம் செலவழிக்கத்தான் வேண்டும் என்றிருப்பவர்களுக்கு என் வேண்டுகோள்: ஹார்ட் டிஸ்க் இரண்டு வாங்குங்கள், ஒரே படத்தை இரண்டிலும் வையுங்கள், ஒன்றை வேறு வீட்டில் கொடுத்து வையுங்கள். மிச்சப் பணத்தில் அச்சுப் போட்டு, படத்தில் இருப்பவர் கையில் கொடுங்கள். வத்தல் களங்கள் இன்னும் சில வாரம் இருக்கும். காலை எட்டு மணிக்கு முன்னால் போங்கள், இருக்கிற கேமராவை எடுத்துக்கொண்டு.