பகடையில் உருண்ட பந்து

சென்ற ஆண்டு கோடை விடுமுறைக்கு அமெரிக்காவிலிருந்து வந்திருந்த என் தமக்கையின் கணவர், மற்றவர்களைப் போல் வாசனைப் புட்டியும் சாக்லெட்டும் கொணராமல், ஒரு பெட்டி நிறைய அட்டைகளும் சில பகடைகளும் கொணர்ந்தார். “என்ன அத்தான், தாயக்கட்டமா?” என்றேன். “இல்லை, பேஸ்பால்” என்றார். கிரிக்கெட்டைத் தவிர வேறொன்றையும் ஆட்டமென ஒப்பாத எங்கள் கரக்பூர் இரயில்வே குடியிருப்பில் அன்று முதல் நள்ளிரவு வரை பேஸ்பால் நடைபெறலாயிற்று. ஆடியவர்களோ, பெரும்பாலும் என்றோ மண்ணோடு மண்ணானவர்கள்!

ஸ்ட்ராட்-ஓ-மாட்டிக் என்பது இவ்விளையாட்டின் பெயர். ஹால் ரிச்மன் என்ற அமெரிக்கர் தம் பதினோராம் வயதில், 1948-இல், இதனைக் கற்பனை செய்யத் தொடங்கினார். 1961-இல் விற்பனைக்குக் கொணர்ந்தார். ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் ஓர் அட்டை உண்டு. அவர் எத்தனை முறை அடித்தார், எத்தனை முறை ஏமாந்தார் என்ற கணக்கெல்லாம் அதில் அடங்கியிருக்கும். முதற்பகடையில் ஒன்று முதல் மூன்று வரை விழுந்தால் மட்டை பிடித்தவரின் அட்டையைப் பார்க்க வேண்டும். நான்கு முதல் ஆறு வரை விழுந்தால் பந்தெறிபவரின் அட்டையை. மற்ற இரு பகடைகளின் கூட்டுத்தொகை, எந்த வரியைப் படிப்பதென்று சொல்லும். ஏழு விழுவதற்கு 36-இல் ஆறு வழிகள். இரண்டு விழுவதற்கு ஒரே வழி. நல்லது எந்த வரியில் எழுதப்பட்டிருக்கிறதோ, அதிலேதான் ஆட்டக்காரரின் திறமை இருக்கிறது. பகலெல்லாம் பேரேட்டில் எண்களைக் கூட்டுகிறவருக்கு இரவிலும் எண்தானா என்று என் மனைவி கேட்டது நியாயமே.

நானும் என் மகனும் எட்டுக் குழுக்களை வைத்துப் பந்தயம் நடத்தினோம். 1906-ஆம் ஆண்டுச் சிகாகோ கப்ஸ் குழுவின்மீது எனக்குத் தனி இரக்கம். அவ்வாண்டு 116 ஆட்டங்களில் வென்று 36-இல் மட்டுமே தோற்றவர்கள், இறுதிப் போட்டியில், அடிக்கவே தெரியாதவர்கள் என்று கேலி செய்யப்பட்ட அதே ஊர் ஒயிட் சாக்ஸ் குழுவிடம் 4-2 என்று வீழ்ந்தார்கள். எங்கள் கூடத்திலும் முதற்சுற்றிலேயே வீழ்ந்தார்கள். அவர்கள் விதி அப்படி.

இறுதி ஆட்டத்துக்கு வந்தவர்கள் இருவர். ஒரு பக்கம், பேப் ரூத் 60 முறை பந்தை எல்லைக்கு அப்பால் அனுப்பிய 1927-ஆம் ஆண்டு நியூயார்க் யாங்கீஸ். மறுபக்கம், நீக்ரோ லீக் எனப்பட்ட கறுப்பின மக்களின் போட்டிகளில் ஆடியவர்கள். நிறத்தின் காரணமாகப் பெரிய போட்டிகளில் அவர்களுக்கு இடமில்லை. 1947 ஏப்ரலில் ஜாக்கி ராபின்சன் அந்தத் தடையைத் தாண்டினார். அவர்களுள் பேரடிகாரரான ஜாஷ் கிப்சனோ, அதற்கு மூன்று மாதங்களுக்கு முன்புதான், 35-ஆம் வயதில், கண்மூடியிருந்தார்.

எங்கள் ஆட்டத்தின் கடைசிச் சுற்றில் ஓர் ஓட்டம் பின்தங்கிய நிலையில், இருவர் களத்தில் நிற்க, கிப்சன் மட்டை பிடித்தார். மகன் பகடைகளைக் கையில் வைத்து வெகுநேரம் குலுக்கினான். பந்து உயரப் பறந்து, பிடிபட்டது.

“இன்னொரு தடவை உருட்டட்டுமா அப்பா?”

“உருட்டினது உருட்டினதுதான்” என்று நோட்டில் எழுதிவிட்டேன்.

அவன் சிறிது நேரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். பிறகு, “இவர்களுக்கு ஏன் முதலிலேயே அட்டை போடவில்லை?” என்றான். அவர்களுடைய கணக்குகளை எவரும் ஒழுங்காக எழுதி வைக்கவில்லை; ஆராய்ச்சியாளர்கள் பழைய செய்தித்தாள்களைப் புரட்டி ஒவ்வோர் ஆட்டமாகத் திரட்டினார்கள்; 2024-இல்தான் அவை அதிகாரபூர்வமான ஏட்டில் சேர்ந்தன; சேர்ந்த உடனே, 1000-க்கு 372 என்ற சராசரியோடு கிப்சன் எல்லோருக்கும் மேலே நின்றார் என்று கூறினேன்.

“பாட்டி சொல்வார்களே, தாத்தாவுடைய ஆறு வருஷம் எழுதப்படவில்லை என்று. அதுபோலவா?”

எனக்குப் பதில் வரவில்லை. என் தந்தையார் 1976 முதல் 1982 வரை தற்காலிகத் தொழிலாளராக இருப்புப்பாதையில் சல்லி அள்ளினார். அந்த ஆண்டுகளுக்குப் பணிப்பதிவேட்டில் ஒரு வரியும் இல்லை. 2007-இல் அவர் பணியிலிருக்கும்போதே காலமானார், பணிக்கொடை குறைந்தது. அவர் பணியால் எனக்கு வேலை கிடைத்தது. மெட்ரிக்குலேஷனோடு என் படிப்பு நின்றது. ஒருமுறை விண்ணப்பித்தோம், ‘பதிவு இல்லை’ என்று ஒரே வரியில் விடை வந்தது. நானும் விட்டுவிட்டேன். பதிவேடுகளின் நடுவிலேயே உட்கார்ந்திருக்கும் நான்!

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, தந்தையாருடன் ஒரே கூட்டத்தில் வேலை செய்த பெரியவர் ஒருவரைத் தேடிச் சென்றேன். கண் மங்கிவிட்டது; நினைவு மங்கவில்லை. எந்த மைலில் எந்த மாதம் வேலை நடந்தது, கூலி வழங்கியவர் யார் என்பதையெல்லாம் அடுக்கிச் சொன்னார். தம்மிடமிருந்த பழைய வேலை அட்டையையும் எடுத்துக் கொடுத்தார். அதிலிருந்த எண்ணை வைத்து, கிடங்கில் கட்டுக் கட்டாகக் கிடந்த பழைய வருகைப் பட்டியல்களில் தேடினேன். பதினோரு மாதங்களுக்குத் தந்தையாரின் பெயரும் கைந்நாட்டும் அகப்பட்டன.

விண்ணப்பம் அனுப்பி நான்கு மாதங்களாகின்றன. மற்ற மாதங்களை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். கப்ஸ் குழுவுக்கு மறுபடியும் ஒரு வாய்ப்பு வேண்டும் என்று மகன் கேட்கிறான். வரும் சனிக்கிழமை இரவு புதிய பந்தயம் தொடங்குகிறது.