ஜெரஜாக் தீவும் நம் முன்னோரும்

கெடாவில் நம்மவர் கூட்டங்களிற் பேச எழுவோர் பலர், கடாரங்கொண்ட இராசேந்திர சோழனைக் குறிப்பிடாது அமர்வதில்லை. அவன் கப்பற்படை இக்கரை வந்து ஆயிரம் ஆண்டாயிற்று. அப்பெருமை இருக்கட்டும். நம் பாட்டன் பாட்டிமார் எத்தீவில் வந்திறங்கினர் என்று கேட்டால், விடை கூறுவார் எத்தனை பேர்?

பினாங்குக்கும் பெருநிலத்துக்கும் நடுவே ஜெரஜாக் என்றொரு சிறு தீவு உண்டு. 1786-இல் பிரான்சிஸ் லைட் என்பார் கெடா சுல்தானுக்குரிய பினாங்கிற் கொடி நாட்டிய வரலாறு, ஆங்கில வழியிற் பயின்ற எனக்கு மனப்பாடம். ஜெரஜாக்கைப் பற்றியோ பாடநூல் ஒரு வரியும் கூறிற்றில்லை. கூறியவர் என் பாட்டியாரே.

1937-இல் ஏழு வயதுச் சிறுமியாய் நாகப்பட்டினத்திற் கப்பலேறியவர் அவர். வழியில் ஒருவருக்கு அம்மை கண்டமையால் டெக்குப் பயணிகள் யாவரும் அத்தீவில் இறக்கப்பட்டனர். துணிகளை வாங்கி நீராவியில் அவித்தனர். கையில் அம்மை குத்தினர். ஊரிலே தம் கிணற்றைப் பிறர் தொடவிடாதவரும், தொடக்கூடாதென்று விலக்கப்பட்டவரும் அங்கே ஒரே கொட்டகையிற் படுத்து, ஒரே குழாயில் நீர் பிடித்தனராம்.

"நோய்க்குப் பயந்து சாதியை விட்டவங்க, தோட்டத்துக்கு வந்ததும் லயத்துக்கு லயம் பிரிச்சுக்கிட்டாங்களே, தம்பி!" என்பார்.

குட்டநோயாளருக்கு அத்தீவிற் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மருத்துவமனை அமைந்தது. பின்னர்க் கப்பற்பயணிகளைத் தடுத்து வைக்கும் நிலையமும், காசநோயாளர் விடுதியும் வந்தன. 1969 முதல் 1993 வரை அது சிறையாயிருந்தது. ஊரார் எவரைக் கண்டு அஞ்சினரோ, அவரையெல்லாம் ஏற்றுக்கொண்ட தீவு அது.

தோட்டத்துக் கிராணியாகிய யான் நாள்தோறும் செக்ரோல் எழுதுகின்றேன். ஒருநாட் கூலியும் அதில் விடுபடாது. ஆனால் இவர்கள் வந்த வழியைப் பதிந்த ஏடு எந்த லயத்திலும் இல்லை. தொழிலாளரை இங்கு அனுப்புவதை இந்திய அரசாங்கம் 1938-இல் தடுத்தது. அதற்குமுன் வந்தோருள் இன்று எஞ்சியிருப்பவர் தொண்ணூறை ஒட்டிய முதியோரே.

அன்பர்களே, உங்கள் வீட்டிலோ அண்டையிலோ அத்தகையோர் இருப்பரேல், இவ்வாரமே அவரருகில் அமருங்கள். கப்பலின் பெயர், புறப்பட்ட ஊர், தீவிற் கழித்த நாட்கள் ஆகியவற்றை எழுதிக்கொள்ளுங்கள். லயம் பிரித்த கதையையும் மறையாது எழுதுங்கள். சோழன் புகழைக் கல்வெட்டுக் காக்கும். கொட்டகையிற் படுத்தவர் கதையை நாமன்றோ காக்க வேண்டும்?