மேய்ப்பச் சிறுவரின் ஊர்

சென்ற ஓகஸ்ட் விடுமுறையில் இத்தாலியின் பொலோஞ்ஞா நகரில் தொழில் புரியும் என் மைத்துனரிடம் சென்றிருந்தேன். புளோரன்ஸ் நகரின் ஓவியக்கூடங்களை ஒரு நாள் முழுவதும் கால் கடுக்க நின்று பார்த்தோம். மறுநாள் விக்கியோவுக்குப் போகவேண்டும் என்றேன். “மச்சான், உலகமே ஓவியம் பாக்க இங்க வருது. நீ மலையில கிடக்கிற ஒரு பள்ளிக்கூடத்தைப் பாக்கவேணும் எண்டு நிக்கிறாய்” என்று அவர் சிரித்தார். சிரித்தாலும் உடன்வந்தார்.

புளோரன்ஸிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரப் புகையிரதப் பயணம். சியேவே ஆற்றின் பள்ளத்தாக்கில், ஒலிவ மரங்களையும் சோள வயல்களையும் கடந்து சென்றால் விக்கியோ வருகின்றது. பதினான்காம் நூற்றாண்டில் புளோரன்ஸ் அரசு தன் எல்லைக் காவலுக்கென மதில் எழுப்பி அமைத்த சிற்றூர் அது. மதிலின் எச்சங்கள் இன்றும் நிற்கின்றன. ஊர் நடுவே ஓவியர் ஜொத்தோவின் சிலை. அண்மையிலுள்ள வெஸ்பிஞ்ஞானோ என்னும் குக்கிராமமே அவர் பிறந்த இடம் என்பது மரபு.

ஜொத்தோவைப் பற்றிய கதையை வாசகருட் பலர் அறிந்திருப்பர். ஆடு மேய்த்த ஏழைச் சிறுவன் ஒருவன் பாறையொன்றில் ஆட்டின் உருவைக் கீறிக்கொண்டிருந்தான். அவ்வழியே வந்த சிமாபுவே என்னும் பேரோவியர் அதைக் கண்டு வியந்து, தந்தையின் இசைவுடன் அவனைப் புளோரன்ஸுக்கு அழைத்துச் சென்று தம் மாணவனாக்கினார். இருவரும் சந்தித்ததாகச் சொல்லப்படும் பாலமும் ஊருக்கு வெளியே இருக்கின்றது. 1550இல் வெளிவந்த வசாரியின் நூல் இக்கதையை நாடறியச் செய்தது. ஜொத்தோ பிறந்தது புளோரன்ஸிலேயே என்றும், அவர் தந்தை கொல்லர் என்றும் கூறும் ஆய்வாளரும் உளர். கதை உண்மையோ பொய்யோ, ஆசிரியர்களாகிய நாம் அதைப் பெரிதும் விரும்புகிறோம். வகுப்பறையில் நானே பலமுறை சொல்லியிருக்கிறேன். திறமை எங்கிருந்தாலும் ஒளிரும் என்று அதற்கு ஒரு பொருளும் கூறியிருக்கிறேன். அன்று அதே மேட்டில் ஆடு மேய்த்த ஏனைய சிறுவர் என்ன ஆயினர் என்று எந்த மாணவனும் என்னைக் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

அக்கேள்விக்கு விடை தேடிய ஒருவரின் பள்ளி விக்கியோவுக்கு மேலே, ஜோவி மலைச்சரிவில், பார்பியானா என்னும் இடத்தில் இருக்கின்றது. வாடகைக் கார் ஓரிடத்தில் நின்றுவிட, மீதி வழியை நடந்தே ஏறினோம். காட்டுப் பாதையோரமெங்கும் பலகைகள். 1948இல் நடைமுறைக்கு வந்த இத்தாலிய அரசியலமைப்பின் பிரிவுகளைப் பள்ளிப் பிள்ளைகள் ஓவியங்களாக வரைந்து வைத்திருக்கிறார்கள். பள்ளி எல்லோருக்கும் திறந்தது என்றும், ஆற்றலும் தகுதியும் உடையோர் வறியராயினும் உயர்கல்வியை எட்டும் உரிமை உடையர் என்றும் கூறுவது முப்பத்துநான்காம் பிரிவு. ‘தகுதியுடையோர்’ என்ற சொல் என்னைச் சற்று நிறுத்தியது. தகுதியை அளக்கும் கோல் யார் கையில்?

லொறென்சோ மிலானி 1923இல் புளோரன்ஸின் செல்வக் குடும்பமொன்றிற் பிறந்தவர். குருவானவராகித் தொழிலாளருக்கு மாலைப்பள்ளி நடாத்தினார். மேலிடம் அவரை விரும்பவில்லை. 1954 டிசம்பரில் பார்பியானாவுக்கு அனுப்பிவைத்தது. வீதியில்லை, மின்சாரமில்லை, குழாய்நீரில்லை. காடும் சில குடியானவர் வீடுகளும் மட்டுமே. வந்த மறுநாளே விக்கியோ நகரசபைக்குச் சென்று, பார்பியானா மயானத்தில் தமக்கொரு புதைகுழி நிலத்தை வாங்கினாராம். திரும்பிப் போகும் எண்ணமில்லை என்பதை இதனினும் தெளிவாக எவரும் அறிவித்திருக்க முடியாது.

தேவாலயத்தை ஒட்டிய வீட்டின் ஓர் அறைதான் பள்ளி. நீண்ட மேசைகள், பிள்ளைகள் கீறிய தேசப்படங்கள், அவர்கள் கையாற் செய்த கருவிகள். சுவரில் ‘எனக்கு அக்கறை உண்டு’ என்று பொருள்படும் இரண்டு ஆங்கிலச் சொற்கள். தண்ணீருக்கு அஞ்சிய மலைப்பிள்ளைகள் நீந்தப் பழகத் தாமே அமைத்த சிறு குளம் வெளியே இருக்கின்றது. ஆண்டின் 365 நாளும் பள்ளி. மிலானியைப் புனிதராக்க நான் முனையவில்லை; அவர் நாவு கடுமையானது, அவருடைய பள்ளியிற் பெண்பிள்ளைகள் மிகச் சிலரே. ஆயினும் பின்தங்கியவனே அங்கு முதன்மையானவன். அவனுக்கு விளங்கும்வரை மற்றவர் காத்திருந்தனர்.

1962இல் இயற்றப்பட்ட சட்டம் பதினான்கு வயதுவரை எல்லோருக்கும் ஒரே பாடசாலை என்றது. எனினும் வகுப்பில் நிறுத்திவைக்கும் வழக்கம் ஒழியவில்லை. பரீட்சையில் தோற்கடிக்கப்பட்ட பார்பியானாப் பிள்ளைகள் எண்மர், மிலானியின் வழிகாட்டலுடன், ஓர் ஆசிரியைக்குக் கடிதம் எழுதினர். அது 1967 மே மாதம் நூலாயிற்று. சித்தியடையாத பிள்ளைகளின் தந்தையர் என்ன தொழில் செய்தனர் என்று அவர்கள் கணக்கெடுத்தனர். ஏழைகளே வெளியேற்றப்படுகின்றனர் என்று எண்களால் நிறுவினர். ஆங்கில மொழிபெயர்ப்பை நான் பல்கலைக்கழகத்திற் படித்தபோது அக்கடிதம் வேறு யாருக்கோ எழுதப்பட்டது என்றே நினைத்திருந்தேன்.

அந்த மேசையருகே நின்றபோது ஒரு பையன் நினைவுக்கு வந்தான். கரைவலைத் தொழிலாளியின் மகன். பத்தாம் வகுப்பில் என் வகுப்பிலிருந்தவன். வலை இழுக்கும் நாட்களில் வரமாட்டான். வந்தாலும் முதற் பாடம் முடிந்திருக்கும். கண்கள் உறக்கத்தில் சிவந்திருக்கும். சாதாரணதரப் பரீட்சையில் பாடசாலையின் சித்தி வீதம் குறைந்துவிடும் என்ற பேச்சு ஆசிரியர் கூட்டத்தில் எழுந்தபோது, இடாப்பை விரித்து, வராத நாட்களைக் கூட்டிச் சொன்னவன் நான். கூட்டல் சரியாகவே இருந்தது. சிவப்பு மையால் பெயரை வெட்டியதும் நானே. அவன் தந்தை ஒருமுறை வாசல்வரை வந்து, என்னைக் கண்டதும் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு, ஒன்றும் பேசாமல் திரும்பிப் போனார்.

சற்றுக் கீழே மயானம். மிலானி 1967 ஜூன் 26இல், நாற்பத்துநான்கு வயதில் இறந்தார். மலையேறும் சப்பாத்துகளுடனேயே அடக்கம் செய்தார்கள். ஒருகாலத்தில் அவர் நூலை விற்பனையிலிருந்து அகற்றச் செய்தது திருச்சபை. 2017இல் பாப்பரசரே இக்கல்லறைக்கு வந்து நின்றார்.

மாலைப் புகையிரதத்தில் மைத்துனர் உறங்கிவிட்டார். நான் அந்தப் பையனின் பெயரை நினைவுபடுத்த முயன்றேன். இடாப்பில் அவன் எண் 27. இரண்டாம் பந்தியின் கடைசி வாங்கு. இடது கையால் எழுதுவான். இவையெல்லாம் வந்தன. புளோரன்ஸில் இறங்கும்வரை பெயர் வரவில்லை.