ஓசியல்லாத ‘ஓ.சி.’

விழா மலரில் எழுதப் புகும் தமிழாசிரியன் சங்க இலக்கியம் பற்றியோ நாவலர் பெருமானின் உரைநடை பற்றியோ எழுதுதல் மரபு. அம்மரபை விடுத்துக் கணினிக்குள் பொருத்தும் ‘கிராபிக்ஸ் கார்ட்’ பற்றி யான் எழுதுவதற்குக் காரணம் உண்டு. மாணாக்கர் ஆசிரியரிடம் கேட்கும் வினாக்கள் பாடநூலோடு நின்றுவிடுவதில்லை. பெருந்தொகை செலவாகும் வினாவாயின், அதை ஆசிரியரிடம் கேட்டு வரும்படி வீட்டிலேயே சொல்லி அனுப்புகின்றனர். நம் பழைய மாணவருட் பலர் இன்று பெற்றோர் ஆதலின், அவர்க்கும் இது பயன்படுமென நம்புகின்றேன்.

2024ஆம் ஆண்டில், உயர்தரப் பரீட்சை எழுதி முடித்த மாணவன் ஒருவன் கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தையிலுள்ள என் இல்லத்துக்கு வந்தான். திருமண வீடியோக்களைத் தொகுத்துக் கொடுத்துச் சிறிது பொருளீட்டத் தொடங்கியிருந்தவன் அவன். ‘பிளெண்டர்’ என்னும் இலவச மென்பொருளில் முப்பரிமாண உருவங்கள் அமைக்கவும் பழகிக்கொண்டிருந்தான். தாயார் தையல் வேலை செய்து கட்டிய சீட்டு அம்மாதம் கைக்கு வருவதாக இருந்தது.

“சேர், சாதாரண கார்ட் எடுக்கிறதா, ஓ.சி. கார்ட் எடுக்கிறதா? அம்மா உங்களிட்டைக் கேட்டுப்போட்டு வாங்கச் சொன்னவ” என்றான்.

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவிற் கடை கடையாக ஏறி இறங்கி விலை குறித்த தாளொன்று அவன் கையில் இருந்தது. ஒரே சில்லு உடைய இரு கார்ட்டுகளுள், ஓ.சி. என்று எழுதப்பட்டதற்கு நூற்றுக்குப் பத்து வீதம் விலை அதிகம் என்று அத்தாள் காட்டிற்று.

நம் பேச்சு வழக்கில் ‘ஓசி’ என்றால் காசில்லாமற் கிடைப்பது. இந்த ‘ஓ.சி.’யோ மேலதிகக் காசு கேட்பது! ‘ஓவர்குளொக்’ என்பதன் சுருக்கம் அது. சில்லை வடிவமைத்த கம்பனி அதற்கொரு கடிகார வேகத்தை விதிக்கின்றது. அச்சில்லை வாங்கிக் கார்ட்டாகச் செய்து விற்கும் கம்பனி, தன் தொழிற்சாலையிலேயே அவ்வேகத்தைச் சற்றுக் கூட்டி அனுப்பினால், அதுவே ஓ.சி. கார்ட்.

கூட்டுவது எவ்வளவு? 2023 ஜூனில் என்விடியா வெளியிட்ட ஆர்.ரி.எக்ஸ். 4060 சில்லுக்கு விதிக்கப்பட்ட உச்ச வேகம் 2460 மெகாஹேர்ட்ஸ். அதே சில்லைக் கொண்ட கிகாபைட் ‘கேமிங் ஓ.சி.’ கார்ட்டின் வேகம் 2550. வேறுபாடு 90, அஃதாவது நூற்றுக்கு 3.7 வீதம். அதே கம்பனியின் ‘வின்ட்போர்ஸ் ஓ.சி.’யின் வேகம் 2475. வேறுபாடு 15 மாத்திரமே. நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. இரண்டின் பெயரிலும் நிற்பன அதே இரண்டெழுத்துக்கள்தாம்.

இவ்வேகம் கண்ணுக்குப் புலப்படுமா? விநாடிக்கு 60 படங்கள் காட்டும் கார்ட், 3.7 வீதம் முழுமையாகக் கிடைத்தாலும் 62 படங்களே காட்டும். ஒரு மணிநேரம் எடுக்கும் வேலையில் மிஞ்சுவது இரண்டு நிமிடம். பெரும்பாலான ஓ.சி. கார்ட்டுகளில் நினைவகத்தின் வேகம் கூட்டப்படாமையால் அவ்வளவும் கிடைப்பதில்லை. அன்றியும், 2012இல் வெளிவந்த ஜீ.ரி.எக்ஸ். 680 முதலாக, வெப்பமும் மின்சாரமும் இடந்தருமளவுக்குத் தன் வேகத்தைத் தானே உயர்த்தும் ஆற்றலை என்விடியா சில்லுகள் பெற்றுள்ளன. எனவே சாதாரண கார்ட்டும் பல வேளைகளில் விதித்த வேகத்துக்கு மேலேயே ஓடுகின்றது.

அவ்வாறாயின் இச்சொல்லுக்கு இத்துணை மதிப்பு எங்ஙனம் வந்தது? 1998இல் இன்ரெல் வெளியிட்ட செலரோன் 300ஏ சில்லைப் பழைய மாணவர் சிலர் நினைவுகூர்வர். 300 மெகாஹேர்ட்ஸ் வேகமுடைய அதனைப் பலர் தாமாகவே 450இல் ஓட்டினர். விலையேதும் கூடாமல் அரைப்பங்கு வேகம் கூடிற்று. மெய்யான ஓசி அதுதான்! இக்காலச் சில்லுகளிலோ அத்தகைய இடைவெளியைச் செய்தவர்களே பெரும்பாலும் நிரப்பி விடுகின்றனர். எஞ்சிய சிறு துளிக்கே விலை சொல்லப்படுகின்றது.

மறுபக்கத்தையும் கூறுதல் முறை. ஓ.சி. கார்ட்டுகளுட் சில, பெரிய வெப்பத் தகடும் நல்ல விசிறிகளும் உடையன. ஆண்டு முழுதும் வெக்கை நிறைந்த கொழும்பில், குளிரூட்டி இல்லாத சிறிய அறையில் இரவிரவாக வேலை செய்யும் ஒருவனுக்கு அவை வீண் அல்ல. கார்ட் வெப்பத்தால் வேகம் குறையாது. விசிறியின் இரைச்சல் பக்கத்தில் உறங்குவோரை எழுப்பாது. ஆனால் அப்போது நாம் விலை கொடுப்பது குளிர்ச்சிக்கே, வேகத்துக்கன்று. அசூஸ் ‘டூவல்’ வரிசை போன்றவற்றில் அதே தகடும் அதே விசிறியும் கொண்ட கார்ட், ஓ.சி. எழுத்துடனும் எழுத்தின்றியும் விற்பனைக்கு வந்துள்ளது. அங்கே மேலதிக விலை எண்ணுக்கு மாத்திரமே. அந்த எண் வேண்டுமாயின், உத்தரவாத நிபந்தனைகளைப் படித்துப் பார்த்தபின், ‘ஆஃப்டர்பேர்னர்’ என்னும் இலவச மென்பொருளால் நாமே கூட்டிக்கொள்ளலாம்.

திருக்குறளில் ‘தெரிந்து செயல்வகை’ அதிகாரம் அரசியலிற் சொல்லப்பட்டதாயினும், சீட்டுக் காசுக்கும் பொருந்துவது. இழப்பு, பேறு, பேற்றின் வழி வரும் நன்மை என மூன்றையும் எண்ணும்படி அதன் முதற் குறள் பணிக்கின்றது. இம்மூன்றையும் அத்தாளிலேயே எழுதுமாறு மாணவனிடம் கூறினேன். இழப்பு பத்து வீதம். பேறு நான்கு வீதத்துக்கும் குறைவு. வழிவரும் நன்மை யாது? சொன்ன நாளில் வேலையை ஒப்படைத்து அடுத்த வேலையைப் பெறுவது. அதற்குத் தடையாக நிற்பது எது என்று கேட்டேன். சற்றுச் சிந்தித்து, “கரண்ட், சேர்” என்றான். 2022இல் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு நிகழ்ந்ததை அவன் மறந்திருக்கவில்லை. மின்சாரம் ஒருமுறை நின்றால் இரண்டு நிமிடமன்று, இரவு முழுதும் செய்த வேலையே போகும்.

அவன் சாதாரண கார்ட்டை வாங்கினான். மிஞ்சிய பணத்தோடு தன் உழைப்பிற் சிறிது சேர்த்து, மின்சாரம் நின்றாலும் வேலையைச் சேமித்து மூடுவதற்கு அவகாசம் தரும் யூ.பி.எஸ். ஒன்றையும் வாங்கினான். அக்கார்ட்டின் மின்தேவை 115 வாற்று மட்டுமே ஆதலின் நடுத்தர யூ.பி.எஸ். போதுமானதாயிற்று.

வசதியுடையோர் இரண்டெழுத்துக்கு விலை கொடுப்பதில் எனக்கு மறுப்பில்லை. அளந்து செலவிட வேண்டிய இல்லத்தாரோ, பெட்டியின் மேலுள்ள எழுத்தை நம்பாது, வேகம் எத்தனை வீதம் கூடுகின்றது, விலை எத்தனை வீதம் கூடுகின்றது என்று இரண்டையும் ஒரே தாளில் அருகருகே எழுதிப் பார்ப்பாராக. விலையின் வீதம் மிஞ்சுமாயின், அந்த மிச்சம் குளிர்ச்சிக்கோ உத்தரவாதத்துக்கோ போகின்றதா என வினவுக. கடைக்காரரிடம் அதற்கு விடையில்லையேல், சாதாரண கார்ட்டை வாங்கிக்கொண்டு வீடு திரும்புக.