மூச்சைப் பார்த்துக்கொள்வது யார்?

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாகாணம். 2015-ல் ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் பல் எடுக்கப் போனான். பொது மயக்கம் கொடுத்தார்கள். அவன் வீடு திரும்பவில்லை.

பல் டாக்டர் பட்டம் இருந்தால் மட்டும் அங்கே பொது மயக்கம் கொடுத்துவிட முடியாது. அதற்கென்று பயிற்சி முடித்து, தனி பர்மிட் வாங்க வேண்டும். ஆனால், பர்மிட் உள்ளவரே மயக்கமும் கொடுத்து, பல்லையும் எடுக்கலாம். உதவியாளர்கள் கவனித்துக்கொள்வார்கள் என்பதுதான் நடைமுறை.

ஆஸ்பத்திரி ஆபரேஷனில் அறுவை செய்பவர் ஒருவர், மயக்கம் பார்ப்பவர் இன்னொருவர். பல் கிளினிக்கில் மட்டும் ஏன் ஒரே ஆள்? பிள்ளையைப் பறிகொடுத்த குடும்பம் இந்தக் கேள்வியோடுதான் போராடியது.

கேள்வியில் நியாயம் இருக்கிறது. குழந்தைகளின் மூச்சுக்குழாய் குறுகலானது. மூச்சு நின்றால் ஆக்சிஜன் மளமளவென்று இறங்கிவிடும். டாக்டர் வேலை பார்ப்பதும் அதே வாய்க்குள்தான். கண் பல்லில் இருக்கும்போது மூச்சை யார் பார்ப்பது?

2016-ல் 'கேலப் சட்டம்' வந்தது. அந்தச் சிறுவனின் பெயர்தான் அது. மயக்கம் கொடுக்கும் முறை, இடத்துக்கு இடம், ஆளுக்கு ஆள் மாறும். ஆபத்தும் மாறும் என்பதைப் பெற்றோருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்றது அது. 2018-ல் நிறைவேறிய அடுத்த சட்டம் 2022-ல் அமலானது. 7 வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு ஆழ்ந்த மயக்கமோ பொது மயக்கமோ கொடுக்க, பர்மிட்டோடு தனி அங்கீகாரமும் வேண்டும். அதற்கு, முந்தைய 2 ஆண்டுகளில் அந்த வயதுக் குழந்தைகள் 20 பேருக்காவது மயக்கம் கொடுத்திருக்க வேண்டும். மூச்சைக் கண்காணிப்பதற்கென்றே பயிற்சி பெற்ற ஒருவர் அறையில் இருக்க வேண்டும்.

ஆனாலும், மயக்கம் கொடுக்கத் தனி நிபுணர் கட்டாயமில்லை. செலவு கூடும், ஏழைக் குழந்தைகளின் சிகிச்சை தள்ளிப்போகும் என்று பல் மருத்துவர்கள் தரப்பில் வாதிட்டார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமோ, குழந்தைப் பல் மருத்துவர்கள் சங்கத்தோடு சேர்ந்து 2019-ல் தனி நிபுணர் வேண்டும் என்றே பரிந்துரைத்தது.

சுவரில் பர்மிட் மாட்டியிருந்தால், மயக்கம் கொடுக்கத் தெரிந்தவர் இருக்கிறார் என்று அர்த்தம். அவர் முழு நேரமும் குழந்தையின் மூச்சை மட்டும்தான் பார்ப்பாரா என்பதை அது சொல்லாது. கையெழுத்துப் போடும் முன் அம்மாவோ அப்பாவோதான் கேட்க வேண்டும்: "நீங்க பல்லை எடுக்கும்போது, என் பிள்ளையோட மூச்சைப் பார்த்துக்கப் போறது யாரு டாக்டர்?"

இதைக் கேட்கத் தயங்கவே வேண்டாம்.