இருபதும் நாற்பதும்

அப்பா மறைந்து ஓராண்டு கழிந்தபின், அவருடைய மாருதி 800 காரை விற்றுவிடுவதென்று வீட்டில் முடிவாயிற்று. 1997இல் வாங்கிய, கார்புரேட்டர் பொருத்திய வண்டி. பல வாரங்கள் கொட்டகையில் நின்றதைக் கிளப்பியபோது பின்புறம் நீலப்புகை எழுந்தது. சிறிது நேரத்தில் அடங்கிவிட்டது. எஞ்சினின் தலைப்பகுதியிலிருந்து மெல்லிய தட்டல் ஓசை மட்டும் தொடர்ந்தது.

அப்பாவுக்குப் பழக்கமான மெக்கானிக் வந்து பார்த்தார்.

"20டபிள்யூ-50 ஊத்திருவோம் சார். கட்டியா நிக்கும். பொகையும் தெரியாது, சத்தமும் தெரியாது. வாங்க வாறவனுக்கு என்ன தெரியப் போவுது?"

ஆயில் கடைக்காரரோ நேர்மாறாக, விலை உயர்ந்த 0டபிள்யூ-20 சிந்தெடிக் டப்பாவை எடுத்து வைத்தார். இருவருக்கும் நடுவில் விழித்து நின்ற பிறகே அந்த எண்களின் பொருளைத் தேடிப் படித்தேன்.

டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து. அதற்கு முன்னுள்ள எண், எஞ்சின் குளிர்ந்திருக்கையில் ஆயில் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதைக் காட்டுகிறது. பின்னுள்ள எண், நூறு பாகை செல்சியஸ் வெப்பத்தில் அதன் பாகுத்தன்மையைக் காட்டுகிறது. இன்றைய எஞ்சின்களின் நுண்ணிய இடைவெளிகளுக்கென அமைந்தது 0டபிள்யூ-20. தேய்ந்து இடைவெளி கூடிய பழைய எஞ்சினில் அவ்வளவு நீர்த்த ஆயில் கசியவும் எரிந்து தீரவும் கூடும். அளவுக்கு மிஞ்சிக் கட்டியானதோ, காலையில் கிளப்பும்போது மேலே உள்ள பாகங்களைச் சென்றடையத் தாமதிக்கும். அந்தச் சில நொடிகளில் உலோகம் உலோகத்தோடு உரசித் தேயக்கூடும்.

வண்டியின் முன்பெட்டியில் அப்பாவின் நோட்டுப் புத்தகம் கிடந்தது. தேதி, ஓடிய கிலோமீட்டர், ஆயில், ஃபில்டர் என்று வரிவரியாக எழுதியிருந்தார். ஏறத்தாழ ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு பதிவு. எல்லாவற்றிலும் 20டபிள்யூ-40. நம் ஊர் வெயிலுக்கும் அந்த எஞ்சினுக்கும் பொருந்திய ஆயில் அது. வீட்டுச் செலவு நெருக்கடியான ஆண்டுகளிலும் அந்த வரிசை அறுபடவில்லை.

அதைப் பார்த்த பின் மெக்கானிக்கிடம் மீண்டும் பேசினேன். மிகவும் தேய்ந்த எஞ்சினுக்கு 50 பொருந்தலாம். ஆனால் இங்கே அது நோய்க்கு மருந்தன்று, நோயை மூடும் போர்வை. அவரும் மறுக்கவில்லை. "கிளப்பும்போது மட்டும் பொக வந்தா வால்வு சீல் சார். ரிங் போயிருந்தா ஓட்டும்போதும் அடிக்கும்" என்றார். சீல்களை மாற்றி, வால்வு இடைவெளியைச் சரிசெய்ததில் தட்டலும் பெருமளவு குறைந்தது. மறுபடியும் 20டபிள்யூ-40 ஊற்றினோம்.

வாங்க வந்தவர் ஓர் எலக்ட்ரீஷியன். புகை வந்ததையும் சீல் மாற்றியதையும் சொன்னேன். கேட்ட விலையில் நாலாயிரம் குறைத்தார். வீட்டில் என்னைப் பிழைக்கத் தெரியாதவன் என்றார்கள். எனக்கும் அன்று சற்று வருத்தமாகத்தான் இருந்தது.

சாவியோடு நோட்டுப் புத்தகத்தையும் அவரிடம் கொடுத்தேன். கொடுக்குமுன், கடைசியாக ஆயில் மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் அடுத்த வரியில் குறித்தேன். அப்பாவின் கையெழுத்துக்குக் கீழே அதில் நான் எழுதியது அந்த ஒரு வரிதான்.